குளக்கட்டிலிருந்து வீட்டுக்கு: புதிய மைக்ரோகன்ட்ரோலர் வேலையில் லோரா நூலகத்தைச் சேர்க்கும் வழி

மாரி தொடங்கி நான்கு நாள் விடாமல் பெய்துவிட்டால் வன்னியில் எல்லோருக்கும் ஒரே கேள்விதான்: குளம் எத்தனை அடி? இரணைமடுவின் கணக்கு செய்திகளிலேயே வந்துவிடும். 2018 டிசம்பரில் அதன் வான்கதவுகள் திறக்கப்பட்டு, கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வெள்ளம் ஏறிய நாட்களை நாங்கள் மறக்கவில்லை. காட்டோரத்துச் சிறு குளங்களுக்கு அப்படி ஒரு செய்தி வருவதில்லை. யாராவது டோர்ச் வெளிச்சத்தில் குளக்கட்டில் ஏறி, துருசடியில் (மதகடியில்) நடப்பட்டிருக்கும் அளவுகோலைப் பார்த்து வந்து சொன்னால்தான் உண்டு. யானை இறங்கும் பாதையில் இரவு நடை அது.

நீர்மட்டத்தை அளந்து வானொலி அலையில் வீட்டுக்கு அனுப்பி அந்த நடையைக் குறைக்கும் சிறு பெட்டி ஒன்றைச் செய்ய விரும்பும் பிள்ளைகள் இப்போது இங்கே நிறையப் பேர் இருக்கிறார்கள். உயர்தரத்தில் தொழினுட்பப் பிரிவில் படிப்பவர்கள், அறிவியல் நகரில் பொறியியல் படிப்பவர்கள், பழுதுபார்க்கும் கடைகளில் கைவேலை பழகியவர்கள். அவர்களில் பலர் ஒரே இடத்தில் இடறுவதைப் பார்க்கிறேன். விளக்கை மின்னச் செய்கிறார்கள், உணரியை வாசிக்கிறார்கள், வானொலி மொடியூலைப் பொருத்தி, அதை இயக்கவென்று பிறர் எழுதிவைத்த ஆயத்த நிரல்களான நிரல் நூலகத்தைச் சேர்த்ததும் எல்லாம் நின்றுவிடுகிறது. பிழை கம்பியிலா, மொடியூலிலா, நூலகத்திலா, அன்டெனாவிலா என்று பிரித்தறிய முடியவில்லை. எல்லாவற்றையும் ஒரே மாலையில் சேர்த்ததால் வந்த வினை அது.

இந்தக் கட்டுரையின் ஒழுங்கு அதற்காகவே வகுக்கப்பட்டது. ஒரு நேரத்தில் ஒன்றைச் சேருங்கள். அது சரி என்று கண்ணால் கண்ட பிறகு அடுத்ததைத் தொடுங்கள். இன்னொன்றும் மனதில் இருக்கட்டும்: வீட்டு மேசையை விட்டு எழும்பும்போது குளக்கட்டில் தேவைப்படும் அனைத்தும் மடிக்கணினிக்குள் இருக்க வேண்டும். அங்கே சிக்னல் ஒரு கோடு வரும், போகும். நூலகத்தை அங்கிருந்து இறக்க முடியாது.

நிரலில் ஆங்கிலத்தில் எழுதவேண்டிய பெயர்களை இங்கே ஒலிப்புப்படி தமிழில் தருகிறேன். நூலகத்துடன் வரும் மாதிரி நிரல்களில் அதே பெயர்களைக் காண்பீர்கள்.

எந்த வானொலி

நூலகத்தைத் தெரிவதற்கு முன் சிப்பைத் தெரிய வேண்டும். கடையில் மிக மலிவாகக் கிடைப்பது என்.ஆர்.எஃப். 24 என்ற மொடியூல், ஆர்.எஃப். 24 என்ற நூலகம் அதற்குரியது. 2.4 கிகாஹேர்ட்ஸில் வேலை செய்யும். ஒரு முற்றத்துக்குள், கோழிக்கூட்டிலிருந்து குசினிக்குச் செய்தி அனுப்ப அது போதும். ஈரமான இலைகளுக்குள் அந்த அலை வெகுவாகத் தேய்ந்துவிடும். மாரியில், மருத மரங்கள் நிற்கும் குளக்கரையில் அதை நம்ப வேண்டாம். ஈ.எஸ்.பி. 32 என்ற மைக்ரோகன்ட்ரோலர் பலகைகள் இரண்டு கையில் இருந்தால் ஈ.எஸ்.பி. நவ் என்ற முறையையும் பாவிக்கலாம். அது பலகையின் மென்பொருளிலேயே இருக்கிறது, தனி நூலகம் வேண்டாம், அதன் முதல் பதிப்பிலேயே ஒரு செய்தியில் 250 பைட் வரை அனுப்பலாம். அதுவும் 2.4 கிகாஹேர்ட்ஸ்தான்.

குளத்துக்கும் ஊருக்கும் இடையில் ஒன்றிரண்டு கிலோமீற்றர் இருந்தால், சிறு செய்திகளைக் குறைந்த மின்னில் நெடுந்தூரம் அனுப்பும் வானொலி முறையான லோராவையே நான் சொல்வேன். செம்டெக் நிறுவனத்தின் எஸ்.எக்ஸ். 1276, 1278 என்ற சிப்களும், பிந்தி வந்த 1262 என்ற சிப்பும் இதற்குரியவை. மொடியூலின் பெயரோடு நின்றுவிடாமல் உள்ளே எந்தச் சிப் இருக்கிறது என்று கேட்டு வாங்குங்கள். ரா-02 என்று விற்கப்படுவதில் 1278 இருக்கிறது. 433 மெகாஹேர்ட்ஸுக்கு உரியது. ஆர்.எஃப்.எம். 95 என்பது 868, 915 மெகாஹேர்ட்ஸ் பக்கத்துக்குச் செய்யப்பட்டது. ஒரு முறை நாங்கள் இரண்டையும் ஒன்று என்று எண்ணி ஒவ்வொன்று வாங்கிவிட்டோம். சிப் ஒரே குடும்பம் என்பதால் நூலகம் இரண்டையும் குறையின்றித் தொடக்கியது. செய்தி மட்டும் அடுத்த அறைக்கே ஒழுங்காகப் போகவில்லை. நிரலில் பிழை தேடி மூன்று நாள் போனது.

மீடிறன் பற்றி ஒரு வார்த்தை. எந்தப் பட்டையில் எவ்வளவு வலுவுடன் அனுப்பலாம் என்பதைத் தீர்மானிப்பது இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு. வானொலிக் கருவிகளை வெளிநாட்டிலிருந்து தருவிப்பதற்கும் அதன் விதிகள் உண்டு. மேசையில் குறைந்த வலுவில் பரிசோதிப்பது ஒன்று; குளக்கட்டில் ஆண்டு முழுதும் ஒரு பெட்டியை நிறுத்துவது வேறொன்று. நிறுத்துவதற்கு முன் அங்கே கேட்டுத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். உபகரணத்தை வாங்குவதற்கு முன்னரே கேட்டால் இன்னும் நல்லது; மீடிறன் மாறினால் மொடியூலும் அன்டெனாவும் சேர்ந்தே மாற வேண்டியிருக்கும்.

கம்பியும் மின்னும்

இந்தச் சிப்கள் 3.3 வோல்ற்றுக்கு உரியவை. ஆர்டுயினோ ஊனோ என்ற பலகையின் கால்கள் 5 வோல்ற்றில் பேசுபவை. நேரடியாக இணைத்தால் மொடியூல் சில நாள் வேலை செய்வதுபோலக் காட்டிப் பிறகு செத்துப்போகலாம். ஊனோதான் கையில் இருக்கிறது என்றால் மின்னழுத்த மட்டத்தை மாற்றும் சிறு பலகை ஒன்றை இடையில் வைக்க வேண்டும். புதிதாக வாங்குபவர் 3.3 வோல்ற்றிலேயே வேலை செய்யும் ஈ.எஸ்.பி. 32 பலகையை வாங்கட்டும். இந்தக் கட்டுரையின் மிகுதியை அதை வைத்தே எழுதுகிறேன்.

மொடியூலும் பலகையும் எஸ்.பி.ஐ. என்ற முறையில் பேசும். கடிகாரக் கால், போகும் தரவு, வரும் தரவு, தெரிவுக் கால் என நான்கு கம்பிகள். அவற்றுடன் சிப்பை முதலிலிருந்து தொடக்கும் ரீசெட், செய்தி வந்ததைப் பலகைக்கு அறிவிக்கும் டி.ஐ.ஓ. பூச்சியம் என்ற இரண்டும், மின்னும் பூமிக் கம்பியும். சாதாரண ஈ.எஸ்.பி. 32 பலகையில் கடிகாரம் 18, வரும் தரவு 19, போகும் தரவு 23, தெரிவு 5 என்பது வழமை. லோரா மொடியூல் முன்கூட்டியே பொருத்தப்பட்டு வரும் பலகைகள் பலவற்றில் இந்த எண்கள் வேறு: கடிகாரம் 5, வரும் தரவு 19, போகும் தரவு 27, தெரிவு 18, டி.ஐ.ஓ. பூச்சியம் 26. அத்தகைய பலகையில் எஸ்.பி.ஐ.யைத் தொடக்கும்போது இந்த எண்களை நீங்களே கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் நூலகம் வழமையான கால்களில் தேடிவிட்டு, சிப் இல்லை என்று சொல்லும். 34 முதல் 39 வரையுள்ள கால்கள் கேட்க மட்டும் தெரிந்தவை. தெரிவுக்கும் ரீசெட்டுக்கும் அவை உதவா. 6 முதல் 11 வரை பலகையின் நினைவகத்துக்கு உரியவை, தொடவே கூடாது.

மின்னில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். 1278 சிப் கேட்டுக்கொண்டிருக்கும்போது சுமார் 11 மில்லிஅம்பியர்தான் எடுக்கும். முழு வலுவில், அதாவது வானொலி வலுவை அளக்கும் டெசிபெல்-மில்லிவாட் கணக்கில் 20இல், அனுப்பும் கணத்தில் 120 மில்லிஅம்பியர் கேட்கும். ஊனோவின் 3.3 வோல்ற்றுக் காலிலிருந்து 50 மில்லிஅம்பியருக்கு மேல் எடுக்கக் கூடாது. ஆகவே "வாசிக்கிறது, தொடங்குகிறது, அனுப்பியவுடன் பலகை மீண்டும் முதலிலிருந்து ஓடுகிறது" என்று யாராவது சொன்னால் நான் நிரலைப் பார்ப்பதே இல்லை; மின்னைத்தான் பார்ப்பேன். மொடியூலின் மின்காலுக்கு அருகிலேயே 10 மைக்ரோபரட் கொள்ளளவி ஒன்றையும் 100 நனோபரட் ஒன்றையும் போடுங்கள். முதல் பரிசோதனைகளை 10 டெசிபெல்-மில்லிவாட்டுக்கு மேல் செய்ய வேண்டாம்.

அன்டெனா இல்லாமல் அனுப்பவே கூடாது. வெளியேற வழியில்லாத சக்தி திரும்பி வந்து சிப்பின் அனுப்பும் பகுதியைக் கெடுக்கக்கூடும். வாங்கிய அன்டெனா இல்லையென்றால் 433 மெகாஹேர்ட்ஸுக்கு 17.3 சென்ரிமீற்றர் நீளமான தனிக்கம்பி ஒன்று போதும், 868க்கு 8.6. இது அலைநீளத்தின் காற்பங்கு. 300ஐ மெகாஹேர்ட்ஸால் வகுத்தால் அலைநீளம் மீற்றரில் வரும், அதை நான்கால் வகுத்தால் நீளம் கிடைக்கும்.

சிப்பை அதன் பெயர் சொல்ல வையுங்கள்

இப்போதும் நூலகம் வேண்டாம். வெறுமையான புதிய திட்டம் ஒன்றைத் திறந்து, பலகை சொல்வதைக் கணினியில் காட்டும் சீரியல் திரையில் ஒரு வரி எழுதும் நிரலை மட்டும் ஏற்றுங்கள். அது வரவில்லையென்றால் யூ.எஸ்.பி. கம்பியையும் பலகைத் தெரிவையும் பாருங்கள். மின்னூட்ட மட்டும் உதவும் யூ.எஸ்.பி. கம்பிகள் நம் வீடுகளில் ஏராளம்.

அது வந்த பிறகு, எந்த லோரா நூலகமும் இல்லாமல், எஸ்.பி.ஐ. மட்டும் பாவித்து சிப்பிடம் ஒரு கேள்வி கேளுங்கள். 1276, 1278 இரண்டிலும் பதினாறடி எண்முறையில் 42 என்ற முகவரியில் சிப்பின் பதிப்பு எழுதப்பட்டிருக்கிறது. ரீசெட் காலை ஒரு கணம் தாழ்த்தி உயர்த்தி, 10 மில்லிசெக்கன் பொறுத்து, தெரிவுக் காலைத் தாழ்த்தி, அந்த முகவரியை அனுப்பி, அடுத்து ஒரு பூச்சியத்தை அனுப்பி, திரும்பி வருவதை வாசித்து, தெரிவுக் காலை உயர்த்துங்கள். பதினாறடியில் 12 வர வேண்டும். சாதாரணப் பதின்ம எண்ணாக அச்சிட்டால் திரையில் 18 என்று தெரியும். பயப்பட வேண்டாம், இரண்டும் ஒன்றுதான்.

0 அல்லது 255 வந்தால் சிப் பேசவில்லை. வரும் தரவுக் கம்பியும் போகும் தரவுக் கம்பியும் இடம் மாறியிருக்கலாம். தெரிவுக் கால் தவறாக இருக்கலாம். ஒட்டு சரியில்லாமல் இருக்கலாம். பூமிக் கம்பி விடுபட்டிருக்கலாம். ஒவ்வொரு தடவையும் வேறு வேறு எண் வந்தால் தளர்ந்த கம்பியைத் தேடுங்கள். 1262 சிப்புக்கு இந்தச் சோதனை பொருந்தாது. அது கட்டளை முறையில் பேசும், வேலையாக இருப்பதைக் காட்டும் பிஸி என்ற இன்னொரு காலும் உண்டு. அதற்கு நூலகத்தின் தொடக்கச் சோதனையையே நம்ப வேண்டும்.

பத்து வரி நிரல்தான் இது. இதை நான் ஒருபோதும் தவிர்ப்பதில்லை. இந்த 18ஐக் கண்ட பிறகு நூலகம் முரண்டு பிடித்தால், கம்பிகளைக் கழற்றாமல் நிரலை மட்டும் பார்க்கலாம். பாதி உலகம் சந்தேகத்திலிருந்து விலகிவிடுகிறது.

நூலகத்தைத் தெரிதல்

நிரல் எழுதி ஏற்றும் மென்பொருளான ஆர்டுயினோ ஐ.டி.ஈ.யின் நூலக மேலாளரில் லோரா என்று தேடினால் நீண்ட பட்டியல் வரும். மூன்றைச் சொல்கிறேன். சந்தீப் மிஸ்திரி எழுதிய ஆர்டுயினோ-லோரா மிக எளிமையானது. 1276 குடும்பத்துக்கு மட்டும் உரியது. 32 கிலோபைட் நினைவகமும் 2 கிலோபைட் ரேமும் கொண்ட ஊனோவிலும் அடங்கும். ரேடியோஹெட் பழையது, பலவகை வானொலிகளை அறிந்தது. முகவரியிட்டு அனுப்புவது, கிடைத்ததா என்று உறுதிகேட்பது, மீண்டும் அனுப்புவது எல்லாம் அதற்குள் தயாராக இருக்கின்றன. யான் குரோமெஸ் எழுதிய ரேடியோலிப் 1276, 1278, 1262 எல்லாவற்றுக்கும் ஏறத்தாழ ஒரே முகத்தைக் காட்டுகிறது. ஒவ்வொரு செயலும் ஓர் எண்ணைத் திருப்பித் தந்து என்ன நடந்தது என்று சொல்கிறது.

என் தெரிவு ரேடியோலிப். காரணம் அந்தத் திருப்பித் தரும் எண்தான். கேட்டால் பதில் சொல்லும் நூலகம் பழகுபவருக்குப் பாதி ஆசிரியர்.

எதைத் தெரிந்தாலும் இரண்டு முனையிலும் அதையே பாவியுங்கள். வெவ்வேறு நூலகங்களைப் பேச வைக்கலாம்; முதல் வேலையில் அந்தச் சிரமம் வேண்டாம். ரேடியோஹெட் ஒவ்வொரு செய்தியின் முன்னும் பெறுநர், அனுப்புநர், இலக்கம், கொடி என 4 பைட் தலைப்பைத் தானாகச் சேர்க்கும். மற்ற முனையில் வேறு நூலகம் இருந்தால் அந்த நான்கும் உங்கள் தரவின் தொடக்கம்போலத் தோன்றும்.

சேர்த்தல்

ஆர்டுயினோ ஐ.டி.ஈ.யில் நூலக மேலாளரைத் திறந்து, பெயரைத் தேடி, பதிப்பைத் தெரிந்து, நிறுவு என்பதை அழுத்தினால் முடிந்தது. ஆனால் அந்த நூலகம் ஆவணங்கள் கோப்புறைக்குள் ஆர்டுயினோ, அதற்குள் லைப்ரரீஸ் என்ற பொது இடத்தில் போய் அமர்கிறது. உங்கள் எல்லாத் திட்டங்களும் அந்த ஒரே பிரதியைத்தான் பாவிக்கும். இந்த மாதம் புதிய வேலைக்காக அதைப் புதுப்பித்தால், கடந்த மாரியில் குளக்கட்டில் வைத்த பெட்டியின் நிரல் அடுத்த தடவை தொகுபடாமல் (கம்பைல் ஆகாமல்) போகலாம்.

ஆகவே புதிய திட்டத்துக்கு விஷுவல் ஸ்டூடியோ கோட்டில் பிளாட்ஃபோர்ம் ஐ.ஓ. என்ற நீட்சியை நிறுவிப் பாவிப்பதையே விரும்புகிறேன். அதில் ஒவ்வொரு திட்டக் கோப்புறையிலும் பிளாட்ஃபோர்ம் ஐ.ஓ. டொட் இனி என்ற சிறு கோப்பு இருக்கும். அதில் லிப் டெப்ஸ் என்ற வரிக்கு நேரே நூலக ஆசிரியரின் கணக்குப் பெயர், சாய்கோடு, நூலகத்தின் பெயர், ஆட் குறி, பதிப்பு எண் என்ற ஒழுங்கில் எழுதினால் அடுத்த தொகுப்பின்போது அது தானாக இறங்கும். பதிப்பு எண்ணுக்கு முன்னால் பலர் ஒரு கூரைக் குறி போடுகிறார்கள். "இதே முதல் எண்ணுக்குள் எந்தப் புதிய பதிப்பும் சரி" என்று அதற்குப் பொருள். குளக்கட்டுக்குப் போகும் நிரலில் அந்தக் குறி வேண்டாம். முழு எண்ணையும் அப்படியே எழுதுங்கள். பலகைக்குரிய தளத்தின் பதிப்பையும் அதே கோப்பில் கட்டிவையுங்கள். ஈ.எஸ்.பி. 32க்கான ஆர்டுயினோ தளம் 2இலிருந்து 3க்கு மாறியபோது ஈ.எஸ்.பி. நவ் செய்தியைப் பெறும் செயலின் வடிவமே மாறியது. பழைய நிரல்கள் பல அத்தோடு தொகுபடாமல் நின்றன.

இறக்கிய பிறகு ஒரு வேலை. திட்டக் கோப்புறைக்குள் மறைந்திருக்கும் டொட் பியோ என்ற கோப்புறையில் லிப்டெப்ஸ் என்ற இடத்தில் நூலகம் இருக்கும். அதைப் பிரதி எடுத்துத் திட்டத்தின் லிப் என்ற கோப்புறைக்குள் போட்டுவிட்டு, லிப் டெப்ஸ் வரியை நீக்கிவிடுங்கள். எந்தப் பதிப்பு என்பதைக் குறிப்பாக எழுதிவையுங்கள். பிறகு வை-ஃபையை அணைத்து, பழைய தொகுப்பைத் துடைத்து, முதலிலிருந்து தொகுத்துப் பாருங்கள். இணையம் இல்லாமல் தொகுபட்டால் இந்தத் திட்டம் குளக்கட்டுக்கு வரத் தயார். தொகுபடாவிட்டால் அதை அறிந்துகொள்ள வீடுதான் நல்ல இடம்.

நிரலில் முதலில் நூலகத்தின் ஹெடரை, அதாவது அதன் செயல்களை அறிவிக்கும் கோப்பை, மட்டும் சேர்த்து, வேறெதுவும் எழுதாமல் தொகுத்துப் பாருங்கள். அடுத்து மொடியூலை அறிவியுங்கள்: தெரிவு, டி.ஐ.ஓ. பூச்சியம், ரீசெட், டி.ஐ.ஓ. ஒன்று என்ற ஒழுங்கில் கால்களின் எண்கள். 1262 என்றால் ஒழுங்கு தெரிவு, டி.ஐ.ஓ. ஒன்று, ரீசெட், பிஸி. பிறகு பிகின் என்ற செயலை அழைத்து, அது திருப்பித் தரும் எண்ணை அச்சிடுங்கள். 0 என்றால் நலம். கழித்தல் 2 என்றால் சிப் கிடைக்கவில்லை. பெயர் சொல்லும் சோதனையை ஏற்கெனவே முடித்திருப்பதால் கால் எண்களை மட்டும் சரிபார்த்தால் போதும். கழித்தல் 12 என்றால் அந்தச் சிப்புக்கு ஒவ்வாத மீடிறன் கொடுத்திருக்கிறீர்கள். பின்னாளில் கழித்தல் 7 வந்தால் செய்தி வழியில் சிதைந்து வந்திருக்கிறது.

இரு முனைக்கும் ஒரே தாள்

அனுப்புபவரும் பெறுபவரும் மீடிறன், அதைச் சுற்றிச் செய்தி பிடிக்கும் பட்டை அகலம், செய்தியை எவ்வளவு நீட்டி அனுப்புவது என்ற பரவல் காரணி, நம் செய்தி என்று அடையாளம் காட்டும் ஒத்திசைவுச் சொல் ஆகிய நான்கிலும் ஒத்திருக்க வேண்டும். ஒன்று பிசகினாலும் பெறும் முனையில் முழு மௌனம்தான். பிழைச் செய்திகூட வராது. நூலகங்கள் ஒவ்வொன்றும் தமக்கென இயல்பு மதிப்புகள் வைத்திருக்கின்றன என்பதில்தான் ஆபத்து இருக்கிறது. ரேடியோலிப் இந்தச் சிப்களைப் பரவல் காரணி 9இல் தொடக்கும். ஆர்டுயினோ-லோரா 7இல் தொடக்கும். ஒரு முனையில் இதையும் மறு முனையில் அதையும் ஏற்றிவிட்டு, இரண்டும் சரியாகத் தொடங்கின என்ற திரைச் செய்தியை நம்பி இரண்டு மாலைகளை நான் இழந்திருக்கிறேன்.

இதற்கு உறுதியான மருந்து ஒன்று உண்டு. இந்த மதிப்புகளை ஒரே ஹெடர் கோப்பில் எழுதி, அனுப்பும் நிரலும் பெறும் நிரலும் அந்த ஒரே கோப்பையே சேர்த்துக்கொள்ளும்படி செய்யுங்கள். இயல்பு மதிப்பு என்று எதையும் விடாமல் எல்லாவற்றையும் நீங்களே எழுதுங்கள். தனியார் வலையமைப்புக்கு ஒத்திசைவுச் சொல் பதினாறடியில் 12. 34 என்பது லோராவான் என்ற பொது வலையமைப்புக்கு உரியது, அதைத் தொட வேண்டாம். ஒத்திசைவுச் சொல் பூட்டு ஆகாது. அருகில் இருக்கும் யாரும் அதே மதிப்புகளை வைத்தால் உங்கள் செய்தியைக் கேட்கலாம். குளத்தின் மட்டத்தை ஊரே அறியலாம். துருசைத் திறக்கும் கட்டளையை வானில் அனுப்ப எண்ணுபவர் குறியாக்கத்தைப் படிக்காமல் அதில் இறங்கக் கூடாது.

பரவல் காரணியை வழமையாக 7 முதல் 12 வரை வைப்பார்கள். கூட்டக் கூட்ட மெல்லிய அலையும் கேட்கும். 125 கிலோஹேர்ட்ஸ் அகலத்தில் 7இல் இரைச்சலைவிட 7.5 டெசிபெல் தாழ்ந்த அலையைக் கேட்கலாம், 12இல் 20 டெசிபெல் தாழ்ந்ததையும் கேட்கலாம். விலை நேரம். 10 பைட் செய்தி 7இல் சுமார் 41 மில்லிசெக்கனில் போய்விடும். 12இல் ஏறத்தாழ ஒரு செக்கன் எடுக்கும். அந்த ஒரு செக்கனும் பற்றரியிலிருந்துதான் போகிறது. 9இல் தொடங்குங்கள். போதாவிட்டால் அன்டெனாவை உயர்த்திப் பாருங்கள். காரணியைக் கூட்டுவது கடைசி வழி.

செய்தியின் உடல்

"நீர்மட்டம் 2.35 மீற்றர்" என்று எழுத்தாக அனுப்பாதீர்கள். பெட்டியின் இலக்கம் 1 பைட், செய்தியின் தொடர் எண் 2, மட்டம் மில்லிமீற்றரில் 2, பற்றரி மில்லிவோல்ற்றில் 2: மொத்தம் 7 பைட். தொடர் எண் இல்லாமல் எத்தனை செய்தி வழியில் தொலைந்தது என்று சொல்லவே முடியாது. பற்றரி எண் இல்லாமல் பெட்டி ஏன் மௌனமானது என்று தெரியாது. இரண்டையும் முதல் நாளிலிருந்தே சேருங்கள். எல்லா எண்களையும் பைட் பைட்டாக நீங்களே பிரித்து அடுக்குங்கள். ஸ்ட்ரக்ட் என்ற அமைப்பை அப்படியே அனுப்பினால், தொகுப்பான் இடையில் வெற்றுப் பைட்டைச் சேர்த்து, மறு முனையில் மட்டம் விபரீதமான எண்ணாக வந்து நிற்கலாம்.

பெறும் முனையில் செய்தி வந்ததும் டி.ஐ.ஓ. கால் ஒரு குறுக்கீட்டை எழுப்பும், அதாவது ஓடும் நிரலை இடைநிறுத்தி ஒரு சிறு செயலை ஓட வைக்கும். அந்தக் குறுக்கீட்டுச் செயலுக்குள் ஒரு கொடியை உயர்த்துவதைத் தவிர வேறெதுவும் செய்யக் கூடாது. அச்சிடுவது, செய்தியை வாசிப்பது எல்லாம் முதன்மைச் சுற்றுக்குள். ஈ.எஸ்.பி. 32இல் அந்தச் செயலுக்கு முன் ஐ-ராம் அட்ரிபியூட் என்ற அடைமொழியும் வேண்டும். மாதிரி நிரல்களில் இருக்கிறது, நீக்கிவிடாதீர்கள்.

பற்றரி தடைசெய்யப்பட்டிருந்த யுத்த காலத்தில் சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலிச் செய்தி கேட்டவர்கள் எங்கள் வீடுகளில் இன்னும் இருக்கிறார்கள். மின்னைக் கணக்குப் பார்த்துச் செலவிடும் அந்தப் பழக்கம் இந்தப் பெட்டிக்கும் வேண்டும். அனுப்பி முடித்ததும் ஈ.எஸ்.பி. 32ஐ மட்டும் உறக்கத்துக்கு அனுப்பிவிட்டு, வானொலியை மறந்துவிடுகிறார்கள். கேட்கும் நிலையிலேயே விடப்பட்ட வானொலி ஒரு நாளில் சுமார் 264 மில்லிஅம்பியர்-மணி குடிக்கும். 2500 கொள்ளளவுள்ள பற்றரி அது ஒன்றினாலேயே பத்து நாளைக்குள் தீரும். பலகை உறங்குவதற்கு முன் வானொலியின் ஸ்லீப் என்ற செயலையும் அழைத்துவிடுங்கள்.

குளக்கட்டில்

முதலில் இரண்டு முனைகளையும் ஒரே வீட்டில், இரு அறைகளில் வைத்துப் பேச வையுங்கள். ஒரே மேசையில் அருகருகே வைத்து முழு வலுவில் அனுப்பினால் பெறும் சிப் திணறும். ஒரு நாள் முழுதும் தொடர் எண் விடுபடாமல் வந்த பிறகு வெளியே எடுத்துச் செல்லுங்கள்.

உணரி இருப்பது துருசடியில், நீர்ப்பக்கத்தில். ஊர் இருப்பது கட்டுக்கு மறுபக்கம், தாழ்வில். நடுவில் நிற்பது மண்ணால் ஆன கட்டு. பெட்டி எங்கிருந்தாலும் அன்டெனா கட்டின் முதுகுக்கு மேலே தெரிய வேண்டும். பெறும் பக்கத்திலும் அதே கவனம் வேண்டும். கூரைத் தகரத்துக்குக் கீழே வைத்துவிட்டு நிரலில் பிழை தேட வேண்டாம். கண்ணுக்கு நேர்கோடு தெரிந்தாலும் அலைக்கு அதைச் சுற்றி அகலமான இடம் தேவை. 433 மெகாஹேர்ட்ஸில் 2 கிலோமீற்றர் தூரத்துக்கு நடுவழியில் அந்த இடத்தின் ஆரை சுமார் 19 மீற்றர். வயல்வெளி மட்டமானது என்பதால் அதில் பாதியை நிலமே மறைக்கிறது. அன்டெனாவை ஒவ்வொரு மீற்றர் உயர்த்துவதும் பலன் தருவது அதனால்தான். நடந்துகொண்டே அலைவலுவையும் இரைச்சல் விகிதத்தையும் கொப்பியில் எழுதுங்கள். இலை ஈரமாக இருக்கும் ஒரு மழைநாளிலும் அதையே செய்யுங்கள்.

இனிச் சொல்லப்போவது எந்த நூலகத்தின் கையேட்டிலும் இராது. கம்பியும் பற்றரியும் தெரியும் ஒரு பெட்டியை மரத்தில் கட்டிவிட்டு வந்தால், இந்த மண்ணில் அதைக் காண்பவர் என்ன நினைப்பார் என்று யோசியுங்கள். கமக்காரர் அமைப்பிடமும் கிராம அலுவலரிடமும் முன்கூட்டியே சொல்லுங்கள். பெரிய குளம் என்றால் நீர்ப்பாசனத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். பெட்டியின் மேல் இது என்ன, யாருடையது, எந்த எண்ணுக்கு அழைக்கலாம் என்பதைத் தமிழிலும் சிங்களத்திலும் பெரிதாக எழுதி, உள்ளே இருப்பது தெரியும்படி ஒளிபுகும் மூடியைப் போடுங்கள். பரிசோதனை நடையின்போது பழகிய பாதையை விட்டு இறங்காதீர்கள். மிதிவெடி எச்சரிக்கைப் பலகை நிற்கும் பக்கம் அன்டெனாவுக்கு எவ்வளவு நல்ல இடமாகத் தெரிந்தாலும் அந்த இடம் உங்களுக்கு இல்லை.

குரங்கு இழுக்காதபடி கம்பிகளைக் குழாய்க்குள் விடுங்கள். எறும்பு புகும் துளைகளை அடையுங்கள். பெட்டியை செப்டெம்பரிலேயே, காலபோக மழை இறங்குமுன் வைத்துவிடுங்கள். முதல் இரண்டு வாரமும் காலையில் ஒருவர் துருசடிக்குப் போய் அளவுகோலைப் பார்த்து வரட்டும். அவர் கண்ட எண்ணையும் பெட்டி சொன்ன எண்ணையும் ஒரே கொப்பியில் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். இரண்டும் ஒத்துவரும் வரை அந்த நடையை நிறுத்த வேண்டாம்.